கிளிக் வராத தேடலுக்கு இனியும் எழுதுவதா?

தீவகத்தான்:
ஆறு வருடமாக யாழ்ப்பாணத் தீவகப் பயணத் தகவல் தளம் ஒன்றை நடத்துகிறேன். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு எத்தனை மணிக்கு, நல்லூர்க் கொடியேற்றம் எந்தத் திகதி, கசூரினாக் கடற்கரைக்கு எந்த பஸ் என்ற மாதிரிப் பக்கங்கள்தான். போன வருடத்தைவிட இப்போது தேடலில் என் பக்கங்கள் கூடுதல் தடவை காட்டப்படுகின்றன. கிளிக் மட்டும் பாதியாகிவிட்டது. "நெடுந்தீவு படகு நேரம்" என்று தட்டினால் மேலேயே பதில் விழுகிறது. அது நான் இறங்குதுறையில் வெயிலில் நின்று, டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டு எழுதிய வரி. ஓரத்தில் சின்னதாக என் தளத்தின் பெயர். பதில் கிடைத்த பிறகு அதை யார் தொடப்போகிறார்கள்? விளம்பரக் காசில்தான் சேர்வர் வாடகை கட்டுகிறேன். தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் எஸ்இஓ வேலையை விட்டுவிட்டு வீடியோ எடுக்கப் போவதா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோண்டாவில் பெடியன்:
அண்ணை, நான் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு எஸ்இஓ செய்கிறவன். இது நேற்றுத் தொடங்கியது இல்லை. கூகிள் 2012இல் ஆள், இடம் பற்றிய விவரத்தைத் தானே காட்டும் நொலெட்ஜ் கிராஃப் கொண்டுவந்தது, ஒருவரின் பிறந்த திகதிக்கே கிளிக் தேவையில்லாமல் போனது. 2014இல் யாரோ எழுதிய பந்தியைத் தூக்கி மேலே வைக்கும் ஃபீச்சர்ட் ஸ்னிப்பெட். 2024 மேயில் அமெரிக்காவில், பல பக்கங்களைச் சுருக்கி ஏஐயே பதில் எழுதும் ஏஐ ஓவர்வியூ, அடுத்த வருடமே இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. ஸ்பார்க்டோரோ என்ற ஆய்வு நிறுவனம் 2024இல் போட்ட கணக்குப்படி அமெரிக்காவில் 1000 கூகிள் தேடலுக்கு 360 கிளிக்தான் வெளித்தளங்களுக்குப் போகிறது. 2025இல் பியூ ஆய்வு மையமும் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழமையான இணைப்பைத் தொட்டிருக்கிறார்கள், சுருக்கம் வராதபோது 15. சுருக்கத்துக்குள் இருந்த இணைப்பைத் தொட்டது 1 சதவீதம்.

ஆகவே கிளிக்கை எண்ணுவதை விடுங்கள். பதிலுக்குள் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். இனி அதுதான் எஸ்இஓ.

தீவகத்தான்:
தம்பி, அந்த 1 சதவீதத்தை நீங்களே எழுதிவிட்டு, அதற்குள் பெயர் வந்தால் போதும் என்கிறீர்கள். பெயர் வந்ததென்று சேர்வர்காரன் வாடகையைத் தள்ளிவிடுவானா?

நல்லூரடி அக்கா:
எனக்கு இந்த மாற்றத்தால் நட்டமில்லை, உண்மையைச் சொல்கிறேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஐந்து அறை வாடகைக்கு விடுகிறேன். வருகிறவர்கள் கூகிள் மப்பில் இடத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து, அங்கேயே அழைப்புப் பொத்தானை அமத்துகிறார்கள். என் இணையத்தளத்துக்கு வருகிறவர் வாரத்தில் ஒருவரோ இருவரோ. திருவிழா 25 நாளும் அறை நிரம்பித்தான் இருக்கிறது. தேர், தீர்த்தம் இரண்டு நாளுக்கும் மாதக்கணக்கில் முன்னரே கேட்டுவிடுகிறார்கள். கூகிள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது மப்பில் தெரியும் என் விடுதியின் விவரத்தில், நேரம், படம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் சரியாக வைத்தேன், அவ்வளவுதான் என் எஸ்இஓ.

தீவகத்தான்:
அக்கா, உங்களிடம் விற்க அறை இருக்கிறது. கிளிக் இல்லாமலே ஆள் வந்து படுப்பார். என்னிடம் இருப்பது அந்த ஒரு வரி. அதை மேலே கொடுத்துவிட்டால் என் கடையில் வேறு சாமான் இல்லை.

சாவகச்சேரி மாங்காய்:
அப்படியானால் பூட்டுங்கள். ஏன் சும்மா கொடுக்கிறீர்கள்? நோஸ்னிப்பெட் என்று ஒரு குறி இருக்கிறது, பக்கத்தில் போட்டால் கூகிள் உங்கள் எழுத்தை எடுத்துக் காட்டாது. எல்லாரும் இதைச் செய்தால் இரண்டு மாதத்தில் காசோடு வந்து கதவைத் தட்டுவார்கள்.

கோண்டாவில் பெடியன்:
பாதி சரி. நோஸ்னிப்பெட் போட்டால் ஏஐ பதிலுக்கும் எடுக்க மாட்டார்கள், ஆனால் சாதாரண முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் விளக்கமும் போய்விடும். பெயர்ப்பலகை இல்லாத கடை மாதிரி நிற்கும். பலர், ஜெமினி ஏஐயின் பயிற்சிக்கு எழுத்தைக் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் கூகிள்-எக்ஸ்டெண்டட்டைத் தடுத்துவிட்டு ஏஐ ஓவர்வியூவையே தடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சட்ஜிபிடி பக்கமும் அப்படித்தான், தளங்களை வாசிக்க வரும் அவர்களின் நிரல்கள் வேறு வேறு: ஜிபிடிபொட் பயிற்சிக்கு, ஓஏஐ-சேர்ச்பொட் தேடலுக்கு. எதை மூடுகிறோம் என்று தெரிந்து மூட வேண்டும்.

பெரிய சிக்கல் வேறு. நீங்கள் பூட்டினால் பதில் வராமல் போகாது, வேறொருவனின் பழைய பக்கத்திலிருந்து வரும்.

நல்லூரடி அக்கா:
அது நடந்தது. போன வைகாசியில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், என்னிடம் தங்கி நெடுந்தீவுக்குப் போனார்கள். திரும்பும் படகு நேரத்தைத் தேடலில் மேலே வந்த ஏஐ பதிலில் பார்த்திருக்கிறார்கள். எந்தக் காலத்து நேரமோ தெரியாது, துறைக்கு வந்தபோது கடைசிப் படகு போய்விட்டது. இரவு தீவில் ஒரு வீட்டார் பாய் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை என் அறையில் மேசைமேல். நான் விடிய விடிய நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் வந்ததும் அந்த அம்மா கேட்ட முதற்கேள்வி, "போனில் இருந்தது பிழையாகுமா பிள்ளை?"

சாவகச்சேரி மாங்காய்:
அக்கா, அதற்குத் தீவகத்தான் பொறுப்பா? பிழையாகச் சொன்னவன் பொறுப்பு. இவர் இலவசமாகத் திருத்திக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஓஎல் வாத்தியார்:
இடையில் ஒன்று. கடந்தகால வினாத்தாள் தளம் வைத்திருக்கிறேன். கேள்வி-பதில் ஸ்கீமா என்ற குறியீட்டைப் பக்கத்தில் போட்டால் தேடலில் விரிந்து தெரியும் என்று ஒருவர் காசு வாங்கிச் செய்துதந்தார். 2023 ஓகஸ்டிலேயே கூகிள் அதை அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. இப்போது ஏஐ பதிலில் வரவைக்கிறோம் என்று, ஜிஇஓ, ஏஇஓ என்ற புதுப்பெயரோடு அதே ஆட்கள் வருகிறார்கள். ஏஐ ஓவர்வியூவில் வரத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்று கூகிளின் வழிகாட்டியே சொல்கிறது. கோண்டாவில் தம்பி கோபிக்கக்கூடாது.

கோண்டாவில் பெடியன்:
கோபமில்லை சேர், அப்படியானவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர். நான் சொல்வது பெயர் வைத்த வேலை இல்லை. தீவகத்தான் அண்ணை, உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தமிழில் "நெடுந்தீவு" மட்டும் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் "டெல்ஃப்ட்" என்று தேடுகிறார். தெற்கிலிருந்து விகாரைக்கு வருகிறவருக்கு நயினாதீவு "நாகதீப". எங்கள் ஆட்களோ ஆங்கில எழுத்தில் தமிழை நாலு விதமாக அடிப்பார்கள். எல்லாப் பெயரும் பக்கத்தில் இயல்பாக வரவேண்டும். அடுத்தது, மேலே எடுத்துப் போட முடிந்த வரியைப் போகவிடுங்கள். எடுக்க முடியாததை எழுதுங்கள்: இன்று கடல் எப்படி, குமுதினிப் படகு ஓடுகிறதா திருத்தத்தில் நிற்கிறதா, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை மணிக்கு வரிசையில் நின்றால் ஏறலாம். அதற்கு ஆட்கள் உங்களிடம்தான் வரவேண்டும். தினம் காலையில் ஒரு வட்ஸ்அப் செய்தி போடுங்கள்.

தீவகத்தான்:
தினமும் விடிய எழும்பித் துறைக்குப் போன் அடித்துக் கேட்டு எழுதுவது வேலை இல்லையா? அதற்கும் காசில்லை. வட்ஸ்அப் மட்டும் என் சொந்தக் காணியா? அதுவும் வாடகை வீடுதான், நாளைக்கு அவன் விதியை மாற்றினால் சேர்த்த ஆட்களும் போய்விடுவார்கள். பெயர்கள் விஷயம் சரி, இன்றிரவே சேர்க்கிறேன்.

அக்கா சொன்ன கதைக்குப் பிறகு முழுப் பூட்டுப் போட மனமில்லை. டேட்டா-நோஸ்னிப்பெட் என்று ஒரு துண்டை மட்டும் மறைக்கும் முறை இருக்கிறதல்லவா, முழு நேர அட்டவணையை அதற்குள் வைக்கப்போகிறேன். கடைசிப் படகு நேரத்தையும் நான் கடைசியாகச் சரிபார்த்த திகதியையும் மட்டும் வெளியே விடுகிறேன்.

சாவகச்சேரி மாங்காய்:
ஆக, அவர்களுக்கு வேண்டியதை வெளியே விட்டுவிட்டு வேண்டாததைப் பூட்டப்போகிறீர்கள். நல்ல வியாபாரம்.

நல்லூரடி அக்கா:
தீவகத்தான், ஒன்று சொல்லவா? என் அறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல்நாள் இரவே உங்கள் பக்கத்தின் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அது உங்கள் தேடல் கணக்கில் வராது. மேசையில் கியூஆர் ஒட்டினால் இன்னும் வசதி. நீங்கள் காலையில் போடும் தகவலின் கீழே என் விடுதியின் பெயரைப் போடுங்கள், மாதம் ஒரு தொகை தருகிறேன். இந்தத் தெருவில் இன்னும் நாலு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

தீவகத்தான்:
எவ்வளவு என்று நினைக்கிறீர்கள் அக்கா?

நல்லூரடி அக்கா:
நீங்கள் சேர்வர் வாடகையைச் சொல்லுங்கள், அதை ஐந்தாகப் பிரிப்போம். துறைக்கு அடிக்கும் போன் காசு தனி. நாளைக்குப் பின்னேரம் வாருங்கள், கதைப்போம். விளம்பரம் போடுவதற்காக மழை நாளிலும் கடல் நல்லம் என்று எழுதக்கூடாது, அதை இப்போதே சொல்லிவிட்டேன்.