பட்ஜெட் கேமிங் பிசி: இந்தப் பட்டியல்ல எதை மாத்தணும்?

கரும்பலகை:
1080பி-ல கேம் ஆடத்தான் இந்த பிசி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கனவே இருக்கு. மொத்தத் தொகையைக் கூட்ட வழியில்லை. ஒண்ணுல குறைச்சு இன்னொண்ணுல போடலாம், அவ்வளவுதான். இப்போதைக்கு நினைச்சிருக்கிறது:

ப்ராசஸர்: ரைசன் 5 5600ஜி, தனியா ஒரு டவர் கூலர்
மதர்போர்டு: ஏ520, ரேம் ஸ்லாட் 2
ரேம்: டிடிஆர்4 2666, 16 ஜிபி ஒரே ஸ்டிக்
கார்டு: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி
எஸ்எஸ்டி: 500 ஜிபி எம்.2
கேபினெட்: முன்பக்கம் கண்ணாடி, ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன் 3, கூடவே வர்ற 500 வாட் பவர் சப்ளை

கார்டு என்னைக்காவது கெட்டுப்போனாலும் திரையில படம் வரணும்னுதான் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற 5600ஜி. இதுல எங்க இடிக்குது? இல்ல, இப்பவே ஏஎம்5-க்கு (ஏஎம்டி-யோட அடுத்த தலைமுறை சாக்கெட்) போயிடணுமா?

ஆறுகோர்:
ப்ராசஸரும் கார்டும் சேர்ற இடத்துலதான் இடிக்குது ப்ரோ. தனித்தனியா ரெண்டும் ஓடும். ஒரே போர்டுல போட்டா ஒண்ணு இன்னொண்ணோட கழுத்தை நெரிக்கும்.

6500 எக்ஸ்டி-க்கு பிசிஐஇ லேன் (கார்டுக்கு டேட்டா போற பாதை) நாலுதான். பிசிஐஇ 4.0 தலைமுறையில ஓடினா நொடிக்குக் கிட்டத்தட்ட 8 ஜிபி போகும். 3.0-ல அதுல பாதி. 5600ஜி எந்த போர்டுல உட்கார்ந்தாலும் 3.0 தான் குடுக்கும், ஏ520-உம் 3.0 தான். கார்டுல மெமரி தாராளமா இருந்தா இது பெருசா தெரியாது. ஆனா இதுல இருக்கிறது 4 ஜிபி. புது கேம்ல டெக்ஸ்சரை ஹை-ல வெச்சாலே நிரம்பிடும். நிரம்பினதும் மிச்சத்தை ரேம்ல இருந்து அந்த நாலு லேன் வழியா இழுக்கணும். சராசரி எஃப்பிஎஸ் நல்லாத்தான் காட்டும், ஆனா கேமராவைச் சட்டுனு திருப்பினா படம் திக்கித் திக்கி நகரும். போதாக்குறைக்கு அந்தக் கார்டுல வீடியோ என்கோடரும் கிடையாது. ஆடுறதை ரெக்கார்டு பண்ணினா சுமை முழுக்க ப்ராசஸர் தலையில.

ஜி இல்லாத 5600 எடுங்க. ரெண்டுமே 6 கோர், 12 த்ரெட். ஆனா எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) ஜி-ல 16 எம்பி, 5600-ல 32 எம்பி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஆடுறவங்களுக்கு அந்த வித்தியாசம் நேரா எஃப்பிஎஸ்-ல தெரியும். பேரைக் கவனிச்சு வாங்குங்க: 5500-னு ஒண்ணு இருக்கு, அதுலயும் கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0. கார்டு கெட்டா படம் வரணும்ங்கிற கவலை நியாயம்தான். ஆனா என்னைக்கோ வரப்போற ஒரு நாளுக்காக தினமும் வேகத்தை விட்டுக்குடுக்கிறது வீண்.

கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600 பாருங்க. 8 ஜிபி, எட்டு லேன், 132 வாட், ஒரே ஒரு 8 பின் போதும். 3.0-ல போட்டாலும் இழப்பு கொஞ்சம்தான். அதனால ஏ520 போர்டே இருக்கட்டும். ஒரு படி மேல இருக்கிற பி550 போர்டுக்குப் போற காசு கார்டுக்குப் போனா நல்லது. டவர் கூலரை வெட்டிடுங்க, 65 வாட் ப்ராசஸருக்குப் பெட்டியில வர்ற ரெய்த் ஸ்டெல்த் தாங்கும், சத்தம் மட்டும் கொஞ்சம் கூட.

ஏஎம்5-ல டிடிஆர்5 மட்டும்தான். போர்டு, ரேம் ரெண்டும் சேர்ந்து கூடுற தொகை உங்க கணக்குல கார்டுல இருந்துதான் போகும். அப்படின்னா வேண்டாம்.

செப்புக்கம்பி:
ரேம் விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான் வேலை செய்யும். 2666 ஒற்றைச் சேனலில் நொடிக்கு 21.3 ஜிபி, 3200 இரண்டு சேனலில் 51.2 ஜிபி. 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, 3200, சிஎல்16 (ரேமின் தாமத அளவு) என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதே நல்லது. தனித்தனியாக வாங்கினால் ஒரே பெயர் இருந்தும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம்.

மாட்டியதும் தானாக 3200 வந்துவிடாது. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யும்வரை பெரும்பாலான கிட் 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் திறந்தால் வேகம் தெரியும். ஏ520-இல் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாதே தவிர, எக்ஸ்எம்பி-க்குத் தடை இல்லை.

எஸ்எஸ்டி 500 ஜிபி என்றால் விண்டோஸ் போக மூன்று நான்கு பெரிய கேம்தான் கொள்ளும். ஒரு கேமே 100 ஜிபி-யைத் தாண்டுகிற காலம் இது. 1 டிபி எடுங்கள். எம்.2 என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேகம் குறைந்த சாட்டா வகையாகவும் இருக்கலாம், வேகமான என்விஎம்இ வகை என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். டிராம் (எஸ்எஸ்டி-க்குள் இருக்கும் தனி மெமரி சிப்) இல்லாத என்விஎம்இ கேமுக்குப் போதும். ஆனால் க்யூஎல்சி வகையில் (ஒரு செல்லில் 4 பிட்; டிஎல்சி-யில் 3) பெரிய கேமை நகலெடுக்கும்போது கேஷ் நிரம்பியதும் வேகம் சட்டென்று சரியும், விலை ஒன்றென்றால் டிஎல்சி-யே மேல்.

பன்னிரண்டு_வோல்ட்:
எல்லாத்தையும் விட அவசரமா மாத்த வேண்டியது அந்தப் பவர் சப்ளை. கேபினெட்டோட வர்ற 500 வாட்டை நம்பாதீங்க. பக்கவாட்டு லேபிளைப் படிங்க: 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர் போட்டிருக்கு? 28 ஆம்பியர்னா 336 வாட், கதை அங்கயே முடிஞ்சது. மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்குல காட்டினது. ப்ராசஸரும் கார்டும் தின்கிறது 12 வோல்ட்ல இருந்துதான்.

உங்க பிசி கேம்ல இழுக்கப்போறது: கார்டு 132, ப்ராசஸர் அதிகபட்சம் 76, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வரைக்கும். சுமார் 260. ஆனா கார்டு மில்லி செகண்ட் கணக்குல அதோட அளவைத் தாண்டி எகிறும். மட்டமான சப்ளைக்கு அந்த எகிறல்தான் ஆகாது. டெஸ்க்டாப்ல நாள் முழுக்க ஓடும், கேம் லோடு ஆகும்போது பட்டுனு அணைஞ்சு ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸோட பதிவேடான ஈவன்ட் வியூவர்ல, திடீர்னு அணைஞ்சதைக் குறிக்கிற கெர்னல் பவர் 41-னு மட்டும் இருக்கும். ஆளுங்க ரேமை மாத்துவாங்க, விண்டோஸைத் திரும்பப் போடுவாங்க, கடைசியாத்தான் சப்ளை பக்கம் வருவாங்க.

தனியா 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் வாங்குங்க. 80 பிளஸ் சொல்றது மின்சாரம் எவ்வளவு வீணாகாம மாறுதுங்கிறதை மட்டும்தான், உள்ளே இருக்கிற பாகம் எவ்வளவு நாள் உழைக்கும்ங்கிறதை இல்லை. அதுக்கு வாரண்டி எத்தனை வருஷம், ஓவர் வோல்டேஜ், ஓவர் கரன்ட், ஓவர் டெம்பரேச்சர் பாதுகாப்பு இருக்கான்னு பாருங்க. ப்ராசஸருக்குப் போற 8 பின் 4+4-ஆ பிரியும், கார்டுக்குப் போறது 6+2. மாத்திச் சொருக முடியாதபடிதான் செஞ்சிருப்பாங்க, போகலைன்னா அழுத்தாதீங்க. மாடுலர் சப்ளைன்னா (கேபிளைத் தனியாக் கழட்டிக்கலாம்) வேற சப்ளையோட கேபிளை எடுத்துப் போடவே கூடாது. சப்ளை பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது, போர்டும் கார்டும் சேர்ந்து போயிடும்.

கண்ணாடி முகப்பு காத்தை அடைக்கும். வலை முகப்பு, முன்னாடி 2 ஃபேன் உள்ளே, பின்னாடி 1 வெளியே. இந்த கார்டுக்கு அது தாராளம்.

கரும்பலகை:
ரொம்ப நன்றி. 5600, ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி ரெண்டு, 1 டிபி என்விஎம்இ, 550 வாட், ஆர்ஜிபி இல்லாத வலை முகப்பு கேபினெட்னு மாத்திட்டேன். ரெண்டு கேள்வி. இன்டெல் ஆர்க் பி580-ல 12 ஜிபி இருக்கே, அது வேண்டாமா? முதல் தடவை நானே அசெம்பிள் பண்றேன், எதுல சிக்கும்?

ஆறுகோர்:
பி580 நல்ல கார்டு, ஆனா உங்க ப்ராசஸருக்குச் சரியான ஜோடி இல்லை. அதோட டிரைவர் ப்ராசஸர் மேல அதிகச் சுமை வைக்கும். 5600 மாதிரி ப்ராசஸரோட போட்டா சில கேம்ல நல்லாவே பின்தங்குது. பயாஸ்ல ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரேயடியா அணுக விடுற அமைப்பு) ஆன் பண்ணாம அதை ஓட்டவே கூடாது.

அசெம்பிள் பண்றதுக்கு முன்னாடி, போர்டோட பயாஸ் 5600-ஐ ஆதரிக்குதான்னு விக்கிறவங்ககிட்ட கேளுங்க. ஏ520 வந்தது 2020-ல, 5600 வந்தது 2022-ல. பழைய சரக்கா இருந்தா ஃபேன் சுத்தும், படம் வராது. அப்டேட் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (ப்ராசஸர் ஓடாமலே பென்டிரைவ்ல இருந்து பயாஸை அப்டேட் பண்றது) இருக்கிற போர்டு எடுங்க.

செப்புக்கம்பி:
முதலில் சிக்குவது கூலரில்தான். ரெய்த் ஸ்டெல்த் நான்கு திருகில் நேராகப் பின்தகட்டில் ஏறும். அதற்கு போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்தகடு அப்படியே கீழே விழும், ஒரு கையால் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். திருகுகளை மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வெப்பம் கடத்தும் பேஸ்ட் கூலரின் அடியில் ஏற்கனவே பூசியிருக்கும், மேலே இன்னொரு தடவை வைக்க வேண்டாம். எப்போதாவது கழற்ற நேர்ந்தால் நேராகத் தூக்காமல் இடவலமாகத் திருகி எடுங்கள். நேராகத் தூக்கினால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்து வந்து அதன் அடியில் இருக்கும் பின்கள் வளைந்துவிடலாம்.

மானிட்டர் கேபிள் கார்டில். 5600-இல் கிராஃபிக்ஸ் இல்லாததால் போர்டில் சொருகினால் இருட்டுதான். விண்டோஸில் டிஸ்பிளே அமைப்பில் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், பெரும்பாலும் 60-இல் நிற்கும்.

பன்னிரண்டு_வோல்ட்:
கேபினெட் வாங்கும்போது போட்டிருக்கிற கார்டு நீளத்தை அப்படியே எடுத்துக்காதீங்க. பல கேபினெட்ல அது முன்னாடி ஃபேன் இல்லாத அளவு. ஃபேன் தடிமன் 25 மில்லிமீட்டரைக் கழிச்சுட்டு கார்டு நீளத்தோட ஒப்பிடுங்க.