தரம் 7 ஒப்படைக்கு இலவச இணையக் கருவிகள்: எங்கட பிள்ளைகளுக்குச் சரிவருமா?

கரும்பலகை:
வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் தரம் 7, 8 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அடுத்த தவணைக் குழுச் செயற்றிட்டத்தின் தலைப்பு "எங்கள் குளம்". வழமையாக என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: பிரிஸ்டல் போர்ட், கலர் பேனை, கடையில் வாங்கி வெட்டி ஒட்டிய படம், கடைசியில் பார்த்தால் கையெழுத்து அக்காவுடையது. இந்த முறை கன்வா (போஸ்டர் செய்ய), ஸ்கிராச் (விளையாட்டு நிரல் செய்ய), கூகுள் ஏர்த் (செய்மதிப் படம் பார்க்க), ஓடாசிட்டி (ஒலி பதிய) மாதிரிக் காசில்லாத கருவிகளில் ஒன்றைப் பிள்ளைகளே தெரிவு செய்து போஸ்டரோ, சின்ன விளையாட்டோ, ஒலிப்பதிவோ செய்யட்டும் என்று நினைத்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் சிலர் நல்லது என்றார்கள், சிலர் "சிக்னல் இல்லாத ஊரில் உங்களுக்கு வேறு வேலை இல்லையா" என்று கேட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சோளகம்:
அந்த இரண்டாவது கூட்டத்தில் என்னையும் சேருங்கோ. ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளுக்குப் போகிற ஊர் எங்களுடையது. வீட்டில் ஒரு போன், அதையும் மனுசன் விடிய வேலைக்குக் கொண்டு போய்விடுவார், பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வரும். மூத்தவள் சாதாரண தரம், அவளுக்கு ஸூம் வகுப்பு. சின்னவன் தரம் 8. பகல் டேற்றா முடிந்து இரவு டேற்றாதான் மிஞ்சும், அது நடுச்சாமம் 12 மணிக்குப் பிறகுதான் வேலை செய்யும், அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பிக் குளம் கீறச் சொல்லவா? கருவி இலவசம், சரி, ரீலோட் யார் போடுவது?

இன்னொன்று. போன வருசம் இன்னொரு பாடத்துக்கு இப்படித்தான் "கொம்பியூட்டரில் செய்து வா" என்றார்கள். சந்தியில் இருக்கிற கொமியூனிக்கேஷன் கடைப் பெடியன் முழுவதையும் செய்து, கலர் பிரின்ற் எடுத்து, காசை வாங்கிக் கொண்டு தந்தான். அதே படத்தை மற்றப் பிள்ளைகளுக்கும் பெயரை மாத்திக் குடுத்திருக்கிறான். முந்தி அக்காவின் கையெழுத்து, இப்ப கடைக்காரனின் கையெழுத்து, அவ்வளவுதான் மாற்றம்.

ஏ9 பஸ்:
அக்கா, நீங்கள் சொல்கிற கஷ்டம் எனக்கும் தெரியும், நானும் முல்லைத்தீவுதான், கொரோனாக் காலத்தில் சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்று பாடம் கேட்டவன். ஆனால் அதுக்காகப் பிள்ளைக்கு ஒன்றையும் காட்டாமல் விடுவதா? கம்பஸுக்குப் போன முதல் கிழமையே பிரசன்ரேஷன் செய்யச் சொன்னார்கள். கொழும்புப் பிள்ளைகள் மடிக்கணினியைத் திறந்து விறுவிறுவென்று செய்ய, நாங்கள் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டுக் கொண்டிருந்தோம். அந்த வெட்கம் தரம் 7இலேயே தீர்ந்திருக்க வேண்டியது. பிரிஸ்டல் போர்ட்டும் சும்மா வருவதில்லை. 2022இல் கடதாசி தட்டுப்பட்டுச் சில இடங்களில் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள், மறந்துவிட்டீர்களா?

சோளகம்:
மறக்கவில்லை தம்பி. அந்த வருசம் கரண்டும் இல்லை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்த நேரம் உங்கட மடிக்கணினி என்ன செய்திருக்கும்? பிரிஸ்டல் போர்ட்டைச் சாமி விளக்கு வெளிச்சத்திலும் எழுதலாம்.

முறிகண்டியான்:
நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். எனக்கு டேற்றாப் பிரச்சினை இல்லை, வேற பிரச்சினை. பேரன் கன்வாவில் ஒரு போஸ்டர் செய்து கொண்டு வந்து காட்டினான், தலைப்பு "எங்கள் ஊரின் வேளாண்மை". நல்ல வடிவாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் பின்னால் கோதுமை வயல். அதில் சிவப்பு நிறத்தில் மேடை மாதிரி உயரமான ஒரு மெஷின், பக்கத்தில் வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்துக் கொண்டு நிற்கிறார், மூலையில் சிவப்புக் கூரையோடு மரக் களஞ்சியம். வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை, கொக்குக்கூட இல்லை. "இது எந்த ஊரடா" என்று கேட்டேன். "ரெம்பிளேற்றில் இருந்தது தாத்தா" என்றான், அதில் ஆயத்தமாக இருக்கிற மாதிரிப் பக்கமாம்.

அதைவிட மோசம் வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியனின் படம். ஏஐயிடம் கேட்டு எடுத்தார்களாம். ராஜஸ்தான் தலைப்பாகை, முறுக்கு மீசை, பின்னால் பாலைவனக் கோட்டை! 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர், அதே வருசம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார் என்று அங்கே வெள்ளைக்காரர் கல் நட்டார்கள். அவரை நேரில் பார்த்து வரைந்த படம் என்று ஒன்றை நான் கண்டதில்லை. பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், "படம் இல்லை, ஏன் இல்லை" என்று யோசிக்க வைத்திருக்கலாம். மெஷின் ஒரு முகத்தைக் குடுத்துக் கேள்வியையே மூடிவிட்டது.

ஏ9 பஸ்:
ஐயா, கோதுமை வயலுக்குக் கன்வா என்ன செய்யும்? வெற்றுப் பக்கத்தைத் திறந்து சொந்தப் படத்தைப் போடலாம்தானே. கடையில் வாங்கின படத்தாளில் மட்டும் வன்னி வயலா இருந்தது?

முறிகண்டியான்:
போடலாம். 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் வெற்றுப் பக்கமும் மறுபக்கம் ஆயிரம் ஆயத்தப் படங்களும் இருந்தால் எதைத் தொடும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பாலைப்பழம்:
கிளிநொச்சியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் "இணையக் கருவி" என்றவுடன் கன்வாவையே பிடித்துக் கொண்டு அடிபடுகிறீர்கள். முதலில் ஒரு விசயம்: 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை அதில் சொந்தமாகக் கணக்குத் திறக்கக் கூடாது, அது அவர்களின் விதி. தரம் 7 பிள்ளைக்கு 12 வயது. பிறந்த வருசத்தை மாத்திப் போட்டுத்தான் எல்லாப் பிள்ளையும் உள்ளே போகிறது, ஆசிரியரே "பரவாயில்லை, போடு" என்று சொன்னால் பிறகு நாங்கள் எதைப் படிப்பிக்கிறோம்? ஆசிரியர் பதிவு செய்து எடுக்கிற கல்விக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம், அதற்குள் வகுப்பைச் சேர்க்கலாம். கரும்பலகை அதை எடுத்துவிட்டாரா தெரியாது.

ஸ்கிராச் அப்படியில்லை. 2007இல் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகம் வெளியிட்டது, 8 முதல் 16 வயதுக்காரருக்கென்றே செய்தது. கணக்கே தேவையில்லை, கணினியில் இறக்கி வைத்தால் இணையமும் தேவையில்லை. ஒரு பென்டிரைவ் போதும், ஆய்வுகூடம் முழுக்கப் போட்டுவிடலாம். ஓடாசிட்டியும் அப்படித்தான். போனில் ஸ்டொப் மோஷன் செய்கிற செயலிகளும் ஒருமுறை இறக்கினால் பிறகு சிக்னல் கேட்காது. எங்கள் பிள்ளைகள் வாய்க்கால் களிமண்ணில் நாரை ஒன்று செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தார்கள். போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் செருகி வைத்து, நிழல் விழாமல் ஒருத்தி உரப்பையைப் பிடித்துக் கொண்டு நின்றாள். நாரையின் கால் மூன்று தரம் உடைந்தது, அதனால் படத்தில் நடுவில் நாரை நொண்டும், அதையே கதையாக்கிவிட்டார்கள், தூண்டில் நூல் காலில் சிக்கிய நாரை என்று. எந்த ரெம்பிளேற்றிலும் அது இல்லை ஐயா.

குளத்துக்குக் கூகுள் ஏர்த் நல்லதுதான், ஆனால் அதில் 1984 முதல் ஓடுகிற செய்மதிப் படம் வருசத்துக்கு ஒன்று, மாரிக்கும் கோடைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. இரணைமடுக் குளம் நிரம்பியதும் வற்றியதும் பார்க்க வேண்டுமென்றால் ஐரோப்பியர்களின் சென்ரினல் 2 செய்மதிப் படங்கள் சரி, 2015இல் தொடங்கியது, இப்போது 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடக்கும், பார்க்கக் காசில்லை. மாரியில் முகில் மறைக்கும், அது வேறு. 2018 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் கிடைக்கிற தெளிவான இரண்டு படத்தை எடுத்து, ஒருமுறை பாடசாலையில் இறக்கி, பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மிச்சத்தை அவர்கள் தாத்தாமாரிடம் கேட்டு எழுதுவார்கள்.

ஏ9 பஸ்:
பாமினி எழுத்துருப் பிரச்சினையை விட்டுவிட்டீர்கள் சேர். பிள்ளைகள் பழைய எழுத்துருவில் அடித்ததைக் கொண்டு போய் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும்.

பாலைப்பழம்:
ஓம், எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வருகிற யுனிகோட் முறையில் அடிக்கப் பழக்க வேண்டும். போனில் அடிக்கிற பிள்ளைக்கு அது ஏற்கனவே பழக்கம், பாமினி எங்கட ஆசிரியர்மாரின் வருத்தம்தான்.

சோளகம்:
சேர் சொல்கிறது கேட்க நல்லாயிருக்கிறது. ஆய்வுகூடம் என்றீர்கள். எங்கட பிள்ளைகள் படிக்கிற இடத்தில் கணினிகள் உறை போட்டபடி இருக்கின்றன, அறைச் சாவி ஒருவரிடம், அவர் லீவு என்றால் அறையும் லீவு. பழுதாக்கிவிடுவார்கள் என்ற பயம். இந்த நிலையில் ஒப்படை கடைசியில் வீட்டுத் தலையில்தான் வந்து விழும்.

கரும்பலகை:
எல்லாவற்றையும் வாசித்தேன். கன்வாவை வீட்டுக்குக் கொடுக்கப் போவதில்லை, வகுப்புக் கணக்கு கிடைத்தால் பாடவேளையில் மட்டும். வீட்டு வேலை கேட்பதும் பார்ப்பதும் மட்டும்தான்: மதகை யார் திறக்கிறார்கள், எந்த மாதம், எந்த மீன் குறைந்தது, வயல்களுக்குத் தண்ணி பங்கிடுகிற வட்டவிதானையிடம் என்ன கேட்கலாம். அதைக் கொப்பியில் எழுதி வரட்டும். செய்வது பாடசாலையில். சாவிக்கு அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பிரிஸ்டல் போர்ட்டில் செய்ய விரும்பும் குழுவும் செய்யலாம், புள்ளி குறையாது. முறிகண்டியான் ஐயாவுக்கு ஒரு விதி: வேறு ஊர்ப் படம் ஒன்று கண்டால் அந்தப் பக்கத்துக்குப் புள்ளி இல்லை.

முறிகண்டியான்:
ஏஐ படம்?

கரும்பலகை:
அதுவும் இல்லை. கையால் கீறியதைப் போனில் படமெடுத்துப் போடலாம்.

ஏ9 பஸ்:
அது அநியாயம். இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும்போது எல்லா இடத்திலும் அதுதான் இருக்கும். தடுப்பதை விட, அந்த ராஜஸ்தான் தலைப்பாகைப் படத்தையே வகுப்பில் காட்டி எதெது பிழை என்று பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிப்பிக்கலாமே.

முறிகண்டியான்:
அப்படியென்றால் நான் வந்து அந்தப் பாடத்தை எடுக்கத் தயார். தம்பியோடு இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப் போகிறேன்.

சோளகம்:
சரி, புள்ளித் திட்டத்தை இங்கே போடுங்கோ ரீச்சர். "அழகு" என்று எத்தனை புள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்லுவேன்.

கரும்பலகை:
தகவல் சேகரித்ததற்கு 40, குழுவாகச் செய்ததற்கு 25, சொல்லிக் காட்டுவதற்கு 25, அழகுக்கு 10.

சோளகம்:
10 கூடிப் போச்சு. கடைக்காரனுக்கு அது காணும்.