இறந்து பிறந்த குழந்தையை ஏந்திய பிறகு வேண்டுதல் வரவில்லை: இங்கிலாந்தில் மிட்வைஃப் படிக்கும் மாணவியின் கேள்வி

பாபநாசம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். இங்கிலாந்தில் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி) படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மூன்றாண்டுப் படிப்பில் ஏறத்தாழப் பாதி வகுப்பறையிலும், மீதி மருத்துவமனையிலும் வீடுகளுக்குச் சென்று தாய்மார்களைக் கவனிக்கும் பணியிலும் கழிகிறது. பதிவு பெறுவதற்குள் மேற்பார்வையின்கீழ் 40 பிரசவங்களை நானே பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளிர், மக்களின் பேச்சுவழக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், தனியறை எல்லாம் முதலாண்டிலேயே பழகிவிட்டன. அவற்றைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குத் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகைதான் எல்லாம். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகையின் கரு கலைந்தபோது, அதைக் குடத்தில் வைத்துக் காத்துக் குழந்தையாகக் கொடுத்தவள் என்ற கதையைக் கேட்டே வளர்ந்தேன். பேறுகாலத்தில் வயிற்றில் தடவுவதற்காக அங்கிருந்து வாங்கிவரும் விளக்கெண்ணெய் எங்கள் தெருவில் பல வீடுகளில் இருக்கும். நான் புறப்பட்டபோது அம்மா அதில் ஒரு சிறு பாட்டிலைப் பெட்டியில் வைத்து அனுப்பினார். ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் அம்மனை நினைத்துக்கொண்டுதான் கையுறையை மாட்டுவேன்.

சென்ற மாதம் நிறைமாதத் தாய் ஒருவருடன் இருந்தேன். அவர் வந்து சேர்ந்தபோதே குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை. ஸ்கேனிலும் அதுவே உறுதியானது. வலி வரவழைத்த பிறகு, மற்ற எந்தப் பிரசவத்தையும் போலவே அதுவும் நடந்தது. முடிவில் அழுகுரல் மட்டும் இல்லை. இங்கே அத்தகைய குழந்தையை உடனே எடுத்துச் சென்றுவிடுவதில்லை. பெற்றோர் விரும்பும் வரை அவர்கள் அறையிலேயே குளிரூட்டிய தொட்டிலில் வைத்திருக்கிறார்கள், குளிப்பாட்டி உடை உடுத்துகிறார்கள், கை கால் தடங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள். கால் தடம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. உள்ளங்காலில் மையை ஒற்றி, அட்டையின்மேல் குதிகாலிலிருந்து விரல் நுனி வரை மெல்ல உருட்ட வேண்டும். ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்தன. அந்தக் குடும்பத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

அன்றிலிருந்து கைகூப்பினால் சொல் வரவில்லை. வேதிகையின் கருவைக் காத்தவள் இந்தக் கருவை ஏன் காக்கவில்லை என்ற கேள்விதான் வருகிறது. அம்மாவிடம் சொன்னால் அர்ச்சனை செய்து பிரசாதம் அனுப்புவார். கேள்வி அப்படியே இருக்கும். படிப்பை விடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வேண்டுதல் இல்லாமல் அடுத்த தாயின் அருகில் போய் நிற்க அச்சமாக இருக்கிறது. இதே வேலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்தை எப்படிக் கடந்தீர்கள்?

தரங்கம்பாடி மகள்:

அன்புத் தங்கைக்கு, நான் தரங்கம்பாடியில் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் மிட்வைஃபாக இருக்கிறேன். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவியை வார்டின் ஆள்கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆகவே ஒரு நாள் உங்களால் இயலவில்லை என்று சொல்லி அறையை விட்டு வெளியே வந்தால் அதில் குற்றம் காண யாருக்கும் இடமில்லை. நடந்ததைப் பற்றி உட்கார்ந்து பேச மேற்பார்வையாளரிடம் நேரம் கேளுங்கள். மிட்வைஃப்களுக்குத் துணைநிற்பதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற மூத்த மிட்வைஃப்கள் 2017 முதல் இங்கிலாந்தின் மகப்பேறுப் பிரிவுகளில் இருக்கிறார்கள், அவர்களையும் அணுகலாம். மருத்துவமனையில் ஆன்மிகத் துணை தரும் சாப்ளின் அலுவலகம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நம் பிள்ளைகள் பலர் எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். எந்த மதத்தவரும், மதம் இல்லாதவரும் அங்கே போகலாம். நோயாளிகளைப் போலவே ஊழியர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

நம்பிக்கையைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். பைபிளில் யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எபிரெயருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி எகிப்தின் ராஜாவான பார்வோன் இட்ட கட்டளைக்கு அவர்கள் கீழ்ப்படியவில்லை. அந்த ராஜாவின் இயற்பெயரை வேதம் சொல்லவில்லை. இந்த இருவரின் பெயர்களையும் சொல்கிறது. அவர்கள் என்ன ஜெபித்தார்கள் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. தேவனுக்குப் பயந்தார்கள், பிள்ளைகளை உயிரோடு விட்டார்கள் என்பதே இருக்கிறது. ஜெபிக்க வாய் வராத மாதங்கள் எனக்கும் இருந்தன. அந்த மாதங்களில் தாயின் நாடியை ஒழுங்காக எண்ணுவதையும், சொன்ன நேரத்தில் திரும்பிப் போய்ப் பார்ப்பதையும் என் ஜெபமாகவே வைத்துக்கொண்டேன். சொற்கள் பிறகு வந்தன.

மன்னார்குடி மருத்துவர்:

சகோதரிக்கு வணக்கம். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் கடவுள் நம்பிக்கை இல்லை. அதனால் நான் எழுதுவதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி சரியாக இயங்காதது, தொற்று, தாயின் ரத்த அழுத்தம் என்று பல காரணங்களால் கரு வயிற்றிலேயே இறக்கிறது. எல்லாப் பரிசோதனைகளும் செய்த பின்னும் காரணம் அகப்படாத இறப்புகள் கணிசமாக உண்டு. அப்படிப்பட்ட இறப்பைத் தாயின் மீதும் சுமத்தக் கூடாது, உங்கள் மீதும் சுமத்தக் கூடாது. நீங்கள் வேண்டாமல் போனதால் அடுத்த பிரசவத்தில் தீங்கு வந்துவிடும் என்ற அச்சம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. என் கவலை அதுதான். தூக்கமின்மையும் துக்கமும் சேர்ந்தால் எவருக்கும் அப்படித் தோன்றும். நன்றாகத் தூங்குங்கள், சாப்பிடுங்கள். இரு வாரங்களுக்குப் பிறகும் அந்த அச்சம் நீங்காவிட்டால் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். நம்பிக்கை இல்லாமலும் இந்தப் பணியை மிகுந்த பரிவோடு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருத்துறைப்பூண்டி:

மகளே, மருத்துவர் தம்பி சொன்ன தூக்கமும் சாப்பாடும் முதலில் வேண்டும்; அவரோடு நான் மாறுபடுவது அதற்கு அப்பால்தான்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், எங்கள் பக்கத்துச் சாலைகளில் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. 108 வண்டி வர வழியில்லை. வலி எடுத்த பெண்ணின் வீட்டுக்கு மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போனேன். கூரை பறந்த வீட்டில், பக்கத்து வீட்டு அம்மாள் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தேன். நஞ்சுக்கொடி முழுமையாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்த்தேன். கருப்பை இறுகியிருக்கிறதா என்று அடிவயிற்றில் வைத்த கையை நெடுநேரம் எடுக்கவே இல்லை. இந்தப் புயலை ஏன் விட்டாய் என்று அன்று நானும் கேட்டேன். பதில் வரவில்லை.

எனக்குத் துணையாக இருந்தது திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர். கதை உனக்குத் தெரிந்ததுதான். செட்டிப்பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம். பூம்புகாரிலிருந்து வந்த அவளுடைய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அந்தத் தாயின் உருவில் சிவபெருமானே வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும் வரை உடனிருந்தார். திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்றே இதை நடத்திக் காட்டுகிறார்கள். நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் வாழைத்தார் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

இந்தக் கதையை நிதானமாக நினைத்துப் பார். கங்கையைச் சடையில் தாங்கியவருக்குக் காவிரியை அடக்குவது பெரிய காரியமா? ஆனாலும் வெள்ளத்தை அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் வலியைப் போக்கினார் என்றும் எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அறைக்குள் வந்தார், மருத்துவச்சி செய்யும் வேலையைச் செய்தார், அவசரப்பட்டுப் போய்விடாமல் இருந்தார். கடவுளிடம் நான் எதிர்பார்ப்பது அன்றிலிருந்து மாறிவிட்டது. வெள்ளம் ஏன் வந்தது என்று இன்றும் கேட்கிறேன். கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. யார் உள்ளே வந்தார் என்றும் சேர்த்துக் கேட்கிறேன்.

அந்த அறையில் அம்மன் இல்லாமல் போய்விட்டாள் என்று நீ எண்ணுகிறாய் என நினைக்கிறேன். உயிரில்லாத பிள்ளையின் பாதத்தையும் உயிருள்ள பிள்ளையின் பாதத்தைப் போலவே பதமாகப் பிடித்து உருட்டச் சொல்லி உன் கைக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான் என்று நான் நம்புகிறேன். அந்தத் தடத்தைத் தவிர அந்தத் தாயிடம் அந்தப் பிள்ளையின் நினைவாக வேறு எவ்வளவு இருக்கப்போகிறது? வேண்டுதல் வராவிட்டால் விட்டுவிடு. கையுறையை மாட்டும்போது அந்தத் தாயின் பெயரை மட்டும் மனத்துக்குள் ஒருமுறை சொல். இப்போதைக்கு அது போதும்.

பாபநாசம் மாணவி:

மூவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா குறிப்பிட்ட அச்சம் உண்மைதான். அதை வேறொருவர் எழுதிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பாரமாக இருந்தது என்று தெரிந்தது. தாயுமானவர் கதையைச் சிறுவயதில் மலைக்கோட்டைப் படி ஏறும்போதே கேட்டிருக்கிறேன், ஆனால் வெள்ளம் நிற்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏன் என்ற என் கேள்விக்கு அது பதில் ஆகாது, அம்மா. ஆயினும் அந்தக் கேள்வியோடேயே பிரசவ அறைக்குள் போகலாம் என்று இப்போது தோன்றுகிறது. மேற்பார்வையாளரிடம் நேரம் கேட்டு எழுதிவிட்டேன். தரங்கம்பாடி அக்காவிடம் இன்னொன்று கேட்க வேண்டும்: இரண்டு வாரம் விடுப்பு எடுத்தால் மாணவர் விசாவுக்கு இடையூறு வருமா?

தரங்கம்பாடி மகள்:

அனுமதி பெற்று எடுக்கும் குறுகிய விடுப்பு வேறு, படிப்பை இடைநிறுத்துவது வேறு. இடைநிறுத்தினால் பல்கலைக்கழகம் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அது விசாவைப் பாதிக்கலாம். ஆகவே எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்திலேயே கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தவறும் மருத்துவமனை மணி நேரத்தை எப்போது ஈடுகட்டலாம் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், தங்கை.