பாட்டியின் சடைநாகம்: பற்றவைக்கலாமா, தாழம்பூவைக் கழற்றிவிடலாமா?

நெல்லைவாசி (கேள்வி):
என் பாட்டியின் திருமணத்துக்காகச் செய்த, பின்னலின்மேல் அணியும் சடைநாகம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. வெள்ளியின்மேல் தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, பதித்த வேலை. உச்சியில் ராக்கொடி, அதன் கீழே பிறை, அடுத்துத் தாழம்பூ, பிறகு படமெடுத்த ஐந்தலை நாகம், அதன் உடலாகப் பின்னல் நெடுக இறங்கும் கண்ணிகள், நுனியில் குஞ்சலம். இப்போது நாகத்தின் கழுத்தருகே ஒரு கண்ணி அறுந்து, ஏழெட்டுக் கெம்புக் கற்களும் உதிர்ந்துவிட்டன. தை மாதத்தில் மகளின் அரங்கேற்றம் சிவன் கோயில் மண்டபமொன்றில் நடக்கவிருக்கிறது. உள்ளூர்க் கடையில் ஒரே நாளில் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? சிவனுக்குத் தாழம்பூ ஆகாது, அந்தப் பகுதியைக் கழற்றிவிடு என்கிறார் பெரியம்மா. அதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

ஊதுகுழல்:
ஒரே நாளில் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இவ்வகை நகையில் வெள்ளித் தகட்டுக் கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, அதன்மேல் கல்லை இருத்தி, கல்லைச் சுற்றித் தங்கரேக்கை அழுத்திப் பதிக்கிறார்கள். வெள்ளியைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அரக்கோ கொதிநீரின் சூடு வருமுன்பே இளகிவிடும். ஆகவே, அறுந்த கண்ணியிலும் அதை ஒட்டிய பகுதியிலும் உள்ள கற்களையும் அரக்கையும் முதலில் எடுத்துவிட்டு, பற்றவைத்தபின் மீண்டும் நிரப்பிப் பதிப்பதே முறை. கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் வடசேரியில் இந்த வேலை தெரிந்த ஆசாரிமார் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து தொலைவும் இல்லை. பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து மட்டும் கழுவிவிடாதீர்கள். ஈரம் இறங்கினால் எஞ்சிய கற்களும் ஆட்டம் காணும்.

தாழங்காடு:
பெரியம்மா சொல்வது அடிமுடி தேடிய கதை. சிவனின் முடியைக் கண்டதாகப் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ, பூசைக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது. விலக்கு அருச்சனைப் பூவுக்கு. உலோகத்தில் வார்த்த வடிவத்துக்கும் அதை நீட்டுவது, என் கருத்தில், மிகை. தாழையும் நாகமும் சேர்ந்திருப்பதற்கு நம் ஊர்ப் பேச்சிலேயே காரணம் இருக்கிறது: தாழம்பூ மணத்துக்குப் பாம்பு வரும் என்பார்கள். மணத்தைவிட, முள் அடர்ந்த தாழம்புதரில் கிடைக்கும் மறைவும், அங்கே திரியும் எலியும் தவளையுமே பாம்பை இழுக்கும் என்பது என் எண்ணம். எப்படியானாலும் ஓடைக்கரையில் கண்ட காட்சியைத்தான் ஆசாரி பின்னலில் இறக்கியிருக்கிறார். தாழம்பூவை எடுத்துவிட்டால் பிறைக்கும் படத்துக்கும் நடுவே தலைமுடிதான் தெரியும்.

நெல்லைவாசி:
இருவருக்கும் நன்றி. கடையில் கொடுக்கவில்லை, அடுத்த வாரம் வடசேரிக்குப் போகிறோம். பெரியம்மாவும் உடன் வருகிறார், தாழம்பூவைப் பற்றி ஆசாரியிடமே கேட்க வேண்டுமாம்.

ஊதுகுழல்:
உதிர்ந்த கற்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய கெம்பு பழைய நிறத்தோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும்.