விடியலின் சிவப்பு ஏன் படத்தில் விழவில்லை? மலையகத்து அனுபவங்கள்

ஹப்புத்தளையிலிருந்து:

லிப்டன் சீட்டில் நான் எடுத்த முதல் விடியல் படங்களை இன்னும் அழிக்கவில்லை. தம்பேதன்ன ஃபெக்டரியிலிருந்து மேலே சுமார் 7 கிலோமீட்டர். விடியற்காலை மூன்றரைக்கு டோர்ச் அடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கி, உச்சிக்குப் போனபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. பிறகு வந்த நிறம் இருக்கிறதே, குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து அடிவானம் முழுக்க ஊற்றியது போல. நாற்பது படமாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், தேயிலைச் செடிகள் இலை இலையாகத் தெரிகின்றன. வானம் வெறும் வெள்ளைக் கடதாசி. சூரியன் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஓட்டை. அம்மாவிடம் காட்ட மனம் வரவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. கெமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். என் படத்தில் பாதிக்கு மேல் இருட்டான தேயிலைச் சரிவு. அதை வெளிச்சமாக்கப் போய் வானத்தை எரித்துவிட்டது. இப்போது ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீட்டரில் வைத்து, சூரியனை விட்டு, அதற்குப் பக்கத்து மேகத்தை அளக்கிறேன். கிடைத்த அளவை, தானாக மாறாதபடி, மெனுவலில் போட்டுவிட்டு ஃப்ரேமை மாற்றுவேன். சரிவு கறுத்தால் கறுக்கட்டும். சென்சரில் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரோ ஃபைலில் எடுத்தால் இருட்டிலிருந்து நிறைய மீட்கலாம், எரிந்துபோன வானத்தில் மீட்க ஒன்றுமே இருக்காது.

அந்த மஞ்சள் ஓட்டைக்கும் காரணம் உண்டு. சாதாரண ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும்போதே, சிவப்பு மட்டும் தனியாக வலது ஓரத்தில் முட்டி நிற்கும். விடியல் வெளிச்சத்தில் சிவப்புத்தான் கூட, அதனால் அதுவே முதலில் நிரம்பும். சிவப்பு நிரம்பிய பிறகு பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிவப்போடு பச்சை சேர்ந்தால் மஞ்சள். செக்கச்செவேல் என்று கண்ணில் பட்ட சூரியன் படத்தில் மஞ்சளானது அப்படித்தான். கெமராவில் மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். சிவப்பு சுவரில் முட்டும் முன் நிறுத்தினால் போதும்.

நேரமும் நமக்குக் குறைவு. இலங்கை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக எழும்பும். உதயத்துக்கு முந்திய நல்ல வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஒருநாள் சூரியன் எட்டிப் பார்க்கும் முன் 1/60 செக்கனில் இருந்த என் ஷட்டர், முழு வட்டமும் வெளியே வந்தபோது 1/500க்குப் போயிருந்தது. அந்த அவசரத்தில் மெனுவைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. எல்லாவற்றையும் இருட்டிலேயே செட் பண்ணிவிடுவேன்.

நீங்களும் எழுதுங்கள். குறிப்பாகச் சரிவராமல் போனதை.

மஸ்கெலியாவிலிருந்து:

எனக்குச் சரிவராமல் போனது சிவனொளிபாதமலையில். சீசன் நடுவில், நல்லதண்ணி வழியாக இரவெல்லாம் படியேறி, உச்சியில் கிழக்குப் பக்கக் கம்பியோரம் இடம் பிடித்தேன். 2,243 மீட்டர் உயரம், குளிரில் விரல் மடங்கவில்லை. சூரியன் வந்தது, எல்லோரும் "சாது சாது" என்றார்கள், நானும் விடாமல் எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டி, "தம்பி, பின்னுக்குப் பாருங்க" என்றார். திரும்பினேன். மேற்கே பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல், கூர் முக்கோணமாக, நீலமாக, தொலைதூரம் வரை நீண்டு கிடந்தது. நான் லென்ஸ் மாற்றி முடிப்பதற்குள் அடிவாரத்தை நோக்கிச் சுருங்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த வருடம் மேற்குப் பக்கமே போய் நின்றேன். அங்கே வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து வருவதால் எக்ஸ்போஷர் சிக்கல் குறைவு. நிழலுக்கும் மூட்டத்துக்கும் வித்தியாசம் மிக மெல்லியது, அதைத் தூக்கிக் காட்ட, லென்ஸின் முன் மாட்டி வானத்தைக் கருக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை. அது சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் நன்றாக வேலை செய்யும். நேரெதிரே அதற்கு வேலையே இல்லை. பிறகு வீட்டில் கொன்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டித்தான் எடுத்தேன். அந்த முக்கோணம் மலையின் வடிவத்தால் வருவதல்ல. நீளமான நிழல் தூரத்தில் ஒடுங்கித் தெரிகிறது, நேர் ரயில் பாதை ஒடுங்குகிறதே, அதைப் போல.

நானுஓயாவிலிருந்து:

ஹப்புத்தளை அண்ணா சொன்னதை நானும் எங்கேயோ படித்து, வானம் எரியாதிருக்க எல்லாப் படத்தையும் ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை ஸ்டேஷனுக்கு மேலே டர்பன்டைன் மரங்களுக்குள் மூட்டம் நிறைந்து, சூரியன் அதற்குப் பின்னால் வெள்ளித் தட்டுப் போல நின்றது. அன்றும் குறைத்தேன். வந்ததெல்லாம் சேற்றுச் சாம்பல். மூட்டம் வெள்ளை. மீட்டர் ஏற்கெனவே அதைச் சாம்பலாக்கும், நான் இன்னும் அமுக்கியிருக்கிறேன். மூட்டம் ஃப்ரேமை நிறைத்தால் கூட்டத்தான் வேண்டும். எனக்குப் பெரும்பாலும் முக்கால் முதல் ஒரு ஸ்டொப் கூட்டினால் பால் போல வருகிறது.

பண்டாரவளையிலிருந்து:

நான் ஃபோனில் மட்டும்தான் எடுக்கிறேன், அதனால் ஃபோன்காரர்களுக்காக. சூரியனுக்குப் பக்கத்து மேகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் லொக் ஆகும். பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். என்னை அதிகம் ஏமாற்றியது வைட் பேலன்ஸ், அதாவது படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் செட்டிங். ஓட்டோவில் விட்டால் ஃபோன் அந்தச் செம்மஞ்சளைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். புரோ மோடில் 5500 கெல்வினில் வைத்ததும் கண்ணால் பார்த்த நிறம் அப்படியே வந்தது. 6500க்குப் போனால் இன்னும் சூடாக இருக்கும். எனக்கு அது கூடிப்போனதாகப் படும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரே இடத்தில் நின்று வருடம் முழுக்க எடுத்ததில் தெரிந்தது: ஜூனில் சூரியன் வடக்கே, நமுனுகுல மலைப் பக்கமாக நகர்ந்து உதிக்கும், டிசம்பரில் தெற்கே விலகிப் போய்விடும். நேர்கிழக்கிலிருந்து இந்தப் பக்கம் 23 பாகை, அந்தப் பக்கம் 23 பாகை.

பதுளையிலிருந்து:

பண்டாரவளை அக்கா சொன்னதோடு பருவத்தையும் சேர்க்க வேண்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் மழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை மூடியிருக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்குள் காய்ந்துபோய் இறங்கும், அதுதான் நம் கச்சான். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் விடியல் துடைத்து வைத்தது போல இருக்கும். டிசம்பருக்குப் பிறகு கணக்கு மாறும்: எங்களுக்கு மழை, அவர்களுக்குத் தெளிவு. கொழும்பிலிருந்து வரும் கூட்டாளிமார் ஜனவரியில் எல்லயில் உதயம் பார்க்கத் திட்டம் போடும்போது, இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

ஹட்டனிலிருந்து:

அந்தியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சூரியன் மறைந்ததும் பக்கத்தில் நின்ற ஆறேழு பேரும் ட்ரைபொட்டை மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பஸ் இல்லாததால் நின்றேன். பத்து நிமிடம் கழித்து, உயரே கிடந்த மெல்லிய மேகம் கீழிருந்து தீப்பற்றியது போலச் சிவந்தது. நமக்கு மறைந்த சூரியன் அந்த உயரத்துக்கு இன்னும் மறையவில்லை. தண்ணீரில் விழுந்த நிறம் வானத்தை விட இருட்டாக இருந்தது, அதனால் ஒரே இடத்திலிருந்து இரண்டு ஸ்டொப் வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்துச் சேர்த்தேன்.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏறிவிட்ட சூரியனை டெலி லென்ஸ் போட்ட எஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். பின்திரையில் பாருங்கள்.

கந்தப்பளையிலிருந்து:

எனக்குப் போனது லென்ஸில் படிந்த பனி. இரவெல்லாம் வெளியே ட்ரைபொட்டில் வைத்திருந்தேன். விடியும்போது எல்லாப் படமும் புகைமூட்டம். உண்மையான மூட்டம் என்றே நினைத்துவிட்டேன். இப்போது பொழுது வெளுக்கும்வரை கெமராவைப் பையில் வைத்து, பெட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன். குளிரிலிருந்து நேரே தேத்தண்ணிக் கடைக்குள் போனாலும் பையைத் திறப்பதில்லை.

மீண்டும் ஹப்புத்தளையிலிருந்து:

நானுஓயா தம்பிக்கு நன்றி, என் பதிவில் அது விடுபட்டுப் போனது.

போன கிழமை மறுபடியும் மேலே போனேன். ஏழு மணியிருக்கும், கொழுந்துக் கூடையோடு வந்த அப்பாயி ஒருவர் நின்று கீழே பார்த்தார். "மூட்டம் பள்ளத்துலேயே கெடக்கு. வெயில் ஏறினாத்தான் அது மேல வரும். ஒன்பது மணி வரைக்கும் எடுக்கலாம், சாமி" என்றார். சொன்னபடியே இருந்தது. அவரிடம் கேட்டு ஒரு படம் எடுத்தேன்: மேகத்துக்கு அளந்தபடி, அவர் கறுப்பு உருவாக, தலையில் மாட்டிய கயிறும் கூடையின் பின்னலும் மட்டும் ஓரத்தில் பொன் கோடாக. நேற்று ப்ரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூஞ்சி தெரியலையே" என்றார். நாளைக் காலை முகம் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுக்கப் போகிறேன், வெயில் அவர் முகத்தில் விழுகிற பக்கமாக நின்று.