மாங்கூழ் ஆலைக் கழிவான தோலிலும் கொட்டையிலும் மருந்து இருக்கிறதா?

கேள்வி – கூழ்க்காரன்
கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு சிறிய மாங்கூழ் ஆலையில் நான் பங்குதாரர். பருவத்தில் பெரும்பாலும் பெங்களூரா காயைத்தான் எடுக்கிறோம். உள்ளே வரும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோலும் கொட்டையுமாக வெளியேறுகிறது. மாட்டுக்குப் போனது போக மிச்சம் இரண்டே நாளில் புளித்து நாறுகிறது. அண்மையில் வந்த தரகர் ஒருவர், தோலில் மாஞ்சிஃபெரின் என்னும் பொருள் இருப்பதாகவும், அதைத் தூளாக்கிக் கேப்சூலில் அடைத்தால் சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் மருந்தாக விற்கலாம் என்றும் சொல்லிப் போனார். இதில் எவ்வளவு உண்மை?

பதில் 1 – உணவியல் மாணவி
ஐயா, மாஞ்சிஃபெரின் இருப்பது உண்மை; மாமரத்தின் பட்டையிலும் இலையிலும் தோலிலும் அது உண்டு. சோதனைக்குழாயில் வளர்த்த உயிரணுக்களிலும் எலிகளிலும் நல்ல விளைவுகளைக் காட்டியிருக்கிறது. ஆனால் அது நீரில் எளிதில் கரையாது, வாய்வழி உட்கொண்டால் மிகச் சிறிய பங்கே இரத்தத்தைச் சேர்கிறது. ஆகவே உயிரணுக்கள்மீது நேரடியாக ஊற்றிப் பார்த்த அளவை, ஒரு தேக்கரண்டித் தோல்தூளைத் தின்று நம் உடம்பில் எட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு. புற்றுநோய்ப் பேச்சை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

என் கணிப்பில், பலரும் பொருட்படுத்தாத நார்ச்சத்துதான் உங்கள் தோலின் உண்மையான மதிப்பு. உலர்ந்த தோலில் அதன் பங்கு மிக அதிகம். அதில் கணிசமானது பெக்டின். ஜாம் உறைவதற்குச் சேர்க்கும் அதே பொருள்தான். இன்று சந்தைக்கு வரும் பெக்டினில் பெரும்பகுதி எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கப்படுவதால், பழக்கழிவைப் பயன்படுத்துவது ஆலைகளுக்குப் புதிய சங்கதி அன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, நாளொன்றுக்கு 6 கிராம் பெக்டின் இரத்தக் கொழுப்பை இயல்பான அளவில் வைத்திருக்க உதவும் என்றும், ஒரு வேளை உணவோடு 10 கிராம் உட்கொண்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறையும் என்றும் ஏற்றுக்கொண்டது. கிராம் கணக்கைக் கவனியுங்கள்: அரை கிராம் அடங்கும் கேப்சூலால் இது நடக்காது, பிஸ்கட்டிலோ மாவிலோ கலந்தால்தான் கைகூடும்.

பதில் 2 – ஊர் மருத்துவர்
மேற்கண்ட பதிலோடு உடன்படுகிறேன். சில எச்சரிக்கைகளை மட்டும் சேர்க்கிறேன். மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது; தோலிலும் காம்பில் வடியும் பாலிலும் உள்ள சில பொருள்கள் ஒவ்வாதவர்களுக்கு வாயைச் சுற்றிப் புண்ணும் அரிப்பும் உண்டாக்கும். மாங்கொட்டைப் பருப்பை வயிற்றுப்போக்கிற்குக் கொடுக்கும் நம் வழக்கம் அதன் துவர்ப்பை நம்பியது. ஆனால் அதே துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தைக் கட்டிப்போடுவதால், இரத்தசோகை உள்ள பெண்கள் அதை அன்றாடம் உண்பது சரியன்று.

பூசணம் பிடித்த கொட்டை இதைவிட ஆபத்தானது. 2001-இல் ஒடிசாவின் காசிப்பூரில் மாங்கொட்டைக் கஞ்சி குடித்த பழங்குடியினர் பலர் இறந்தபோது, பட்டினியா, கெட்டுப்போன கொட்டையா என்று பெரிய வாதமே நடந்தது. ஈரத்தோடு குவித்து வைத்த கொட்டையை எவருக்கும் உணவாகக் கொடுக்காதீர்கள்.

கூழ்க்காரன்
நன்றி. அப்படியானால் நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? காய்களைத் தோட்டங்களிலிருந்து வாங்குகிறோம். பூச்சிமருந்து தெளிப்பு எங்கள் கையில் இல்லை.

உணவியல் மாணவி
முதல் வேலை உலர்த்துவதுதான். தோல் இயந்திரத்தை விட்டு வந்த சில மணி நேரத்துக்குள் வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் செயலிழக்கும். பிறகு அறுபது பாகை செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில், கையில் நொறுங்கும் அளவுக்குக் காய வையுங்கள். வெயிலில் களத்தில் கொட்டிக் காயவைத்தால் நாளாகும், ஈயும் மொய்க்கும்; அது தீவனத்துக்கே சரி. பூச்சிமருந்தின் எச்சம் பெரும்பாலும் தோலில்தான் தங்கும் என்பதால், கொள்முதலின்போதே தெளிப்புக் குறிப்பைக் கேட்டு வாங்கி, தூளை ஆய்வகத்தில் சோதிப்பது தவிர்க்க முடியாத செலவு. கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த காயைத் தொடவே வேண்டாம். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

கொட்டையை மருந்தாக்க முயல்வதைவிட, பருப்பிலுள்ள கொழுப்பை எடுப்போருக்கு விற்பதே இலாபம். உடல் வெப்பத்தில் உருகும் அந்தக் கொழுப்பைச் சாக்லேட்டில் ஐந்து சதவீதம்வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. பருப்பு காய்ந்து, பூசணமற்று இருந்தால்தான் வாங்குவார்கள்.