தடைக்குப் பணிந்த தாமஸ் மெர்ட்டன்: மனச்சான்றா, கீழ்ப்படிதலா?

கேள்வி:
தாமஸ் மெர்ட்டனின் வாழ்க்கையை அண்மையில் படித்தேன். 1915-இல் பிரான்சில் பிறந்து, 1941 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கெத்சமனி மடத்தில், மௌனத்தையும் கடுந்தவத்தையும் போற்றும் கத்தோலிக்கத் துறவற சபையான டிராப்பிஸ்ட் சபையில் துறவியாகச் சேர்ந்த அவர், அணு ஆயுதங்களுக்கு எதிராக எழுதிவந்த வேளையில், 1962-இல் சபைத் தலைமை ‘போரைப் பற்றி இனி எதையும் வெளியிடக் கூடாது’ என்று தடை விதித்ததும் பணிந்துவிட்டார். அச்சுக்கு ஆயத்தமாக இருந்த அவருடைய நூல் 2004-இல்தான் வெளிவந்தது. இப்படி அடங்கிப்போனவரை அமைதிக்காகக் குரல் கொடுத்தவர் என்று எவ்வாறு ஏற்பது?

பதில் 1:
கீழ்ப்படிதல் என்பது அவர் இறைவன் முன் கொடுத்த வார்த்தைப்பாடு. அலுவலகத்தில் மேலதிகாரிக்கு அடங்குவது போன்றதன்று. தாம் மீறினால் அது அமைதி இயக்கத்துக்கே எதிரான சாட்சியாகக் கொள்ளப்படும் என்றும், எதிர்ப்பவர்களின் தப்பெண்ணத்தை உறுதிப்படுத்துவதைத் தவிர வேறு பயன் தராது என்றும் அவர் அப்போதே அமைதி இயக்கத்தைச் சேர்ந்த நண்பர் ஜிம் ஃபாரஸ்டுக்கு எழுதினார். மேலும், தடை வெளியீட்டுக்குத்தான் இருந்தது. தடைபட்ட நூலையும், 1961 அக்டோபரிலிருந்து ஓராண்டுக் காலம் எழுதிய 111 கடிதங்களையும் சைக்ளோஸ்டைல் (கைப்பொறியில் எடுக்கும் நகல்) படிகளாக்கி நண்பர்களிடையே அவர் சுற்றுக்கு விட்டார். ஆகவே அவர் வாயடைத்துப் போகவில்லை.

பதில் 2:
முந்தைய பதிலோடு பாதிதான் உடன்படுகிறேன். சைக்ளோஸ்டைல் படி சிலரைத்தான் எட்டும். ஆணையின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்தைத் தாண்டுவது சற்றுச் சாமர்த்தியமான வழியாகவே எனக்குத் தோன்றுகிறது. 1964 நவம்பரில் கெத்சமனியில் அவர் நடத்திய தியானக் கூட்டத்துக்கு வந்த அமைதிப் போராளிகளான பெரிகன் சகோதரர்கள் இருவரும் கத்தோலிக்கக் குருக்களே. அவர்களோ 1968 மே மாதம் வியட்நாம் போரை எதிர்த்துக் கட்டாய இராணுவச் சேர்க்கைக் கோப்புகளை எரித்துச் சிறை சென்றார்கள். மெர்ட்டனுக்கு அந்த வழி முழுமையாக உவப்பானதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கடிதங்கள் இத்தனை என்பதை நான் அறியவில்லை. ஆனாலும் அவர் அமைதியாக விழுங்கிக்கொண்டார் என்ற எண்ணம் போகவில்லை.

பதில் 3:
விழுங்கவில்லை ஐயா, கேட்டுக்கொண்டே இருந்தார். 1963 ஏப்ரலில் திருத்தந்தை (போப்) 23-ஆம் யோவான் உலக அமைதி குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டபோது, டிராப்பிஸ்ட் சபையின் தணிக்கையாளர்களிடம் அனுமதி வாங்கவேண்டிய நிலை திருத்தந்தைக்கு இல்லாதது நல்லதாயிற்று என்ற பொருள்பட மெர்ட்டன் தம் சபையின் தலைமை மடாதிபதிக்கே எழுதி, இனித் தொடரலாமா என்றும் கேட்டார். அந்தக் கிண்டலைப் படித்தவர் எவரும் அவரை வாயில்லாப் பூச்சி என்று நினைக்கமாட்டார்கள். அனுமதி அப்போதும் கிடைக்கவில்லை. அவரும் மடத்தை விட்டு வெளியேறவில்லை.